இலுப்பையிடம் கேட்ட உத்தரவு

எழுபதுகளின் தொடக்கத்தில், சுருளிப்பட்டியில் எங்களுக்கு இருந்த தோட்டத்தின் மேற்கு வரப்பில் ஓர் இலுப்பை மரம் நின்றது. மேற்கு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உச்சிப்பொழுது சாய்ந்ததும் அதன் நிழல் கிழக்கே நீண்டு, தோட்டத்தின் நல்ல மண்ணையெல்லாம் மூடிவிடும். கத்தரியும் சோளமும் போட்டவரை அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. என் கணவர் திராட்சை போடுவது என்று முடிவு செய்த பிறகுதான் அந்த நிழல் வீட்டில் பேச்சானது.

திராட்சை அவருக்கு வெறும் ஆசையில்லை. அடுத்தடுத்து வெள்ளாமை ஏமாற்றியிருந்தது. இதுவும் கைவிட்டால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தேனியில் என் அண்ணன் கடையில் போய் நிற்க வேண்டியதுதான். மண்ணை விட்டுப்போக அவருக்கு மனமில்லை. சைக்கிளில் ஓடைப்பட்டிக்குப் போய்ப் போய்ப் பந்தல் போடும் விதத்தைப் பார்த்து வந்தார். கல்தூண்கள் லாரியில் வந்து இறங்கி வரப்போரம் கிடந்தன. மரம் வெட்டும் ஆளிடமும் பேசியாகிவிட்டது.

அத்தை, அதாவது என் மாமியார், மரத்தை வெட்டக் கூடாது என்று சொல்லவில்லை. அவருக்கும் திராட்சை வேண்டும். கேட்டுவிட்டு வெட்டு என்றார், அவ்வளவுதான். பெரிய மரத்தில் கோடரி வைக்குமுன் அதனிடம் உத்தரவு கேட்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். வெட்ட நினைப்பவரே விளக்கு வைக்கும் நேரத்தில் மரத்தடியில் போய் உட்கார வேண்டும். வந்த காரியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிவிட்டுப் பேசாமல் காத்திருக்க வேண்டும். மரத்தில் இருக்கும் பல்லி வலப்பக்கமிருந்து சொல்லி, அது அவர் காதில் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் என்றால் இல்லை. ஒன்றுமே சொல்லாவிட்டால் மறுநாளும் போக வேண்டும்.

என் கணவர் சாப்பிடும்போதே ஒரு காலை வாசலில் வைத்திருப்பவர். போதாக்குறைக்கு அப்போது ஆடி மாதம். மலை இடுக்கிலிருந்து இறங்கும் காற்று, எங்கள் பள்ளத்தாக்கில் பகலும் இரவும் இரையும். முதல் நாள் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்னலே, மரம் வெரட்டிவிட்டுருச்சா?" என்றார் அத்தை.

"காத்துல ஒரு எழவும் கேக்கல ஆத்தா."

"காத்து ஓயிற மட்டும் பொறு. மரம் எங்கனயும் ஓடிப்போகாது."

ஆவணியில் காற்று தணிந்தது. அடுத்து மோட்டார் குறுக்கே நின்றது. மின்சாரம் முறைவைத்து வந்த காலம் அது. எங்கள் பக்கம் மாலையில்தான் வரும். மோட்டார் ஓடினால் பல்லிச் சத்தம் கேட்காது, நிறுத்தினால் தண்ணீர் பாயாது. முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்று அத்தை சொன்னதால் நானும் போய் உட்கார்ந்தேன்.

நான் தேனிக் கடைவீதியில் வளர்ந்தவள். வண்டிச் சத்தமும் விலை கூவும் சத்தமும் இல்லாத மாலையை அதுவரை கண்டதில்லை. மோட்டார் நின்றதும் வாய்க்காலில் மிச்சத் தண்ணீர் ஓடி அடங்குவது கேட்கும். பிறகு மைனாக்கள் கிளைகளில் இடத்துக்குச் சண்டை போடும். அவை ஓய்ந்தபின் மலையடிவாரத்தில் எங்கோ ஒரு மயில் அகவும். எல்லாவற்றுக்கும் பிறகு நம் மூச்சு கேட்கும். என் மூச்சுக்கு ஓர் ஒலி உண்டு என்பதை அங்கேதான் அறிந்தேன்.

முதலில் சில நாட்கள் அவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். தூண் ஊன்றும் இடங்களைக் கண்ணாலேயே அளந்தார். பிறகு புல்லை விட்டுவிட்டார். வேரின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருக்கத் தொடங்கினார். ஒருநாள் எறும்பு வரிசை ஒன்று அவர் பாதத்தின் மேல் ஏறி மரத்துக்குப் போனது. அவர் காலை நகர்த்தவில்லை. பின்னாளில் தியானம் கற்றுத்தர ஊருக்கு வந்தவர்கள் கண்ணை மூடச் சொன்னார்கள். நாங்கள் கண்ணை மூடியதில்லை. அவர் மரத்தைப் பார்ப்பார். நான் பெரும்பாலும் அவரைப் பார்ப்பேன்.

புரட்டாசியில் ஒரு மாலை பல்லி சொன்னது. வலப்பக்கம், அவர் தோளுக்குச் சற்று மேலே, பட்டை வெடித்த இடத்திலிருந்து. அந்தப் பக்கம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த அத்தை, அரிவாளும் கையுமாக வந்துவிட்டார்.

"சொல்லிருச்சுலே. நாளைக்கே ஆள வரச் சொல்லு."

அவர் எழுந்திருக்கவில்லை. "எனக்குக் கேக்கல ஆத்தா."

"காதுல பஞ்சா வச்சிருக்க? எனக்கு அங்கன வரைக்கும் கேட்டுச்சு. ஏத்தா, ஒனக்கு?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. கேட்டது என்றேன்.

"உத்தரவு வாங்க வந்தவன் காதுலல்ல விழுகணும்," என்றார் அவர். "நீ சொன்ன மொறதான."

அத்தை வரப்போரம் கிடந்த கல்தூண்களைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அம்புட்டுக் கல்லையும் என்ன செய்யப்போற?"

"நெழல் விழாத பக்கம் மட்டும் ஊனுவோம். பாதிப் பந்தல் சோறு போடலன்னா, தேனில மச்சான் கடையில போயி பொட்டலம் மடிக்கிறேன்."

இதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அதற்கு அவர் தயாராகவே இருந்தார். பல்லி சொன்னபோது அவர் கண் வலப்பக்கம் போய்த் திரும்பியதை நான் பார்த்திருந்தேன். அதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

பந்தல் பாதி அளவில் நின்றது. நிழலில் சேனைக்கிழங்கு போட்டோம். சில வருடங்கள் இழுபறிதான், ஆனாலும் தோட்டம் கையைவிட்டுப் போகவில்லை. பொழுது சாய்ந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு மரத்தடிக்குப் போவதை அவர் விடவில்லை. நானும்தான். பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, உங்க மகன் சாமியாராகிட்டாகளா என்று அத்தையிடம் கேட்டிருக்கிறாள்.

"அவன் இன்னும் உத்தரவு கேட்டுக்கிட்டிருக்கான்," என்றாராம் அத்தை.

போகப்போகச் சில மாலைகளில் அத்தையும் புல்கட்டை இறக்கிவைத்துவிட்டு எங்களோடு உட்காரத் தொடங்கினார். மரத்தில் பல்லி சொல்லும். அவர் முதலில் மகன் முகத்தைப் பார்ப்பார், பிறகு என் முகத்தை. அப்புறம் அவரும் காலை நீட்டிக்கொண்டு, ஒன்றும் காதில் விழாதவர்போல மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.