தாமதமாக வந்த வெப்ஹூக்

அன்று காலை என் திரையில் எல்லாப் பெயர்களும் பச்சையாக இருந்தன. எல்லோரும் நலம் என்று அர்த்தம்.

இரண்டாயிரங்களின் கடைசி அது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி சென்னையில் இருந்தார். இங்கே நான் மட்டும்தான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்களுக்குத் தினமும் காலையில் கம்ப்யூட்டர் போன் செய்யும். 'நல்லா இருந்தா ஒண்ணை அழுத்துங்க' என்று பதிவுசெய்த குரல் சொல்லும். அழுத்தினாரா, போனை எடுக்கவே இல்லையா என்பதை, இந்த அழைப்புகளைச் செய்துதரும் காலிங் கம்பெனியின் சர்வர் எங்கள் சர்வருக்கு உடனே செய்தியாக அனுப்பும். அதற்குப் பெயர்தான் வெப்ஹூக். கிடைத்தது என்று நம் சர்வர் பதில் சொல்லாவிட்டால் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும்.

வழக்கமாக யாராவது ஒருவர் போனை எடுக்காமல் விடுவார். அன்று ஒருவர்கூட அப்படி இல்லாதது உறுத்தியது. வந்த செய்திகளெல்லாம் வரிசையாகப் பதிவாகும் லாகைத் திறந்தேன். ஓரிக்கை கோவிந்தராஜன் பெயரில் இரண்டு செய்திகள். முதலில் வந்தது, 'எடுக்கவில்லை'. அடுத்து வந்தது, 'ஒன்றை அழுத்தினார்'. ஆனால் இரண்டாவதில் இருந்த தேதி முந்தைய நாளுடையது. முந்தைய நாள் எங்கள் சர்வர் சிறிது நேரம் வேலை செய்யாமல் படுத்திருந்தது. அப்போது தேங்கிய செய்தி இப்போது வந்து, இன்றையதை அழித்துவிட்டது.

முதலாளிக்குப் போன் செய்தேன்.

"அதான் பச்ச காட்டுதே ஸ்டெல்லா, அப்புறம் என்ன?"

"அது நேத்து அழுத்துனது சார். இன்னிக்கு அவர் எடுக்கல."

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ பிடித்தேன். ஓரிக்கையில் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஆட்டோக்காரர் பின்கதவைத் தள்ளித் திறந்தார். குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார் கோவிந்தராஜன். நினைவு இருந்தது.

ஆஸ்பத்திரியில், நான் பேசியதைக் கேட்டு என் முகத்தையே பார்த்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தெனம் காலைல பேசறது நீதானாம்மா?"

"ஆமா சார். என் குரல்தான். ஆனா அது ரெக்கார்டிங்கு."

"ரெக்கார்டிங்கா? நான் உன்னாண்ட பேசிக்கினு இருந்தேன்மா. பால் லேட்டா வந்துது, முட்டி வலிக்குதுன்னு. நீ பதிலே சொல்லமாட்ட. வேல அவசரம் போலன்னு நெனச்சிக்குவேன்."

எங்களுக்கு வந்தது அவர் அழுத்திய ஒற்றை எண் மட்டும்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். செய்தி வந்த நேரத்தை நம்பாதீர்கள், அதற்குள் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். பழையது புதியதை அழிக்க விடாதீர்கள். அன்று மாலையே எங்கள் புரோகிராமை அப்படித்தான் மாற்றினேன்.

ஆனால் அவர் பேசியதை வாங்கிக்கொள்ளும் புரோகிராம் எனக்கு எழுதத் தெரியவில்லை. அவர் வீடு திரும்பியதும் அவருக்கு மட்டும் கம்ப்யூட்டர் அழைப்பை நிறுத்திவிட்டு நானே போன் செய்தேன்.

"சொல்லுமா, நீ எப்படி இருக்கே?" என்றார்.

வேலைக்காகக் காஞ்சிபுரத்துக்கு வந்தபின் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "இங்கயும் இன்னிக்குப் பால் லேட்டுதான் சார்" என்று ஆரம்பித்தேன்.