கேட்டுவிட்டு ஊசி போடுகிற சிஸ்டர்

உலகத்தில் இதுவரை ஊசி பிடித்த அத்தனை கைகளையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றுங்கள். மறு தட்டில் எங்கள் ஆண்கள் வார்டு சிஸ்டரின் சுண்டுவிரலை மட்டும் வையுங்கள். சுண்டுவிரல் தட்டு தரையில் மோதுகிற வேகத்தில் ஆஸ்பத்திரிச் சுவர் விரிசல் விடும். எதிர்க் கட்டடத்துப் பிரசவ வார்டில் குழந்தைகள் பயந்துபோய் முன்னதாகவே பிறந்துவிடும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம் என்றாலும் இந்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

குடல்வால் பழுத்து அந்த வார்டில் படுத்தபோதுதான் அவரைப் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் வயது. இறுக்கிக் கட்டிய கொண்டை. சாயங்காலமானால் செருப்பு வாருக்குள் அடங்காமல் பிதுங்கும் பாதங்கள். புருஷன் லேத் பட்டறையில் வேலை செய்தாராம், இப்போது காது கேட்காது. வீட்டில் கத்திக் கத்திப் பேசுவதாலோ என்னவோ, வார்டில் அவர் குரல் எழும்பவே எழும்பாது.

ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, "இது சீழ் பிடிக்காம இருக்கறதுக்கு. கொஞ்சம் கடுக்கும். போடட்டுமா?" என்பார். பதில் வரும்வரை ஊசி அப்படியே நிற்கும். மூலையில் நினைவில்லாமல் கிடந்தவரிடமும் இதே கேள்விதான். பதில் வராது என்று தெரிந்தும் ஒரு மூச்சு நேரம் காத்திருந்துவிட்டுத்தான் போடுவார்.

நான் சும்மா இருப்பேனா? அவர் குரலிலேயே பக்கத்துக் கட்டில் டிரைவர் மாமாவிடம், "இது ஆஸ்பத்திரி ரொட்டி. கொஞ்சம் பல் உடையும். ஊட்டட்டுமா?" என்றேன். வார்டே சிரித்தது. திரும்பினால் வாசலில் சிஸ்டர்.

"அடித்தொண்டையில பேசணும். நீ மூக்கால பேசற" என்று திருத்திவிட்டுப் போனார்.

"வாலை வெட்டியும் இவன் வாலுத்தனம் போகலையே" என்றார் டிரைவர் மாமா.

மாமா பஸ் ஓட்டினவர். சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் ஒரு சின்னக் கொப்புளம் புண்ணாகி, விரல்கள் கறுத்து, கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை ஆபரேஷன். புண்ணைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

என் கட்டில் வாசலை ஒட்டியது. சனிக்கிழமை காலையில் நடைவழியில் அவர் மகன் சிஸ்டரிடம் கெஞ்சுவது என் காதில் விழுந்தது.

"முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பாவுக்குத் தெரிஞ்சா ஒத்துக்கவே மாட்டாரு சிஸ்டர். மயக்கத்துல எடுத்துடுங்க. முழிச்சப்புறம் நாங்க காலப் புடிச்சு சமாதானப்படுத்திக்கறோம்."

எந்தக் காலைப் பிடிப்பான் என்று ஒரு ஜோக் என் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை.

டாக்டரும் வந்தார். சின்ன வயது, எப்போதும் அவசரம். "மகன் கையெழுத்துப் போட்டாச்சு சிஸ்டர். ரெடி பண்ணுங்க."

"கால் மகனோடது இல்லையே டாக்டர்."

"லேட் ஆனா விஷம் ஏறிடும். அவர் உயிருக்கு யார் பொறுப்பு?"

"தெரியும் டாக்டர். அதனாலதான் இப்பவே வந்து அவர்கிட்ட பேசுங்கன்னு சொல்றேன்."

வார்டைக் கூட்டுகிற அக்காவிடம் அப்புறம் விசாரித்தேன், ஏன் இந்த அம்மாவுக்கு இத்தனை பிடிவாதம் என்று. சிஸ்டரின் கூடப்பிறந்த அக்கா இதே ஆஸ்பத்திரியில் வயிற்றுக் கட்டியோடு கிடந்தாராம். அந்த அக்காவின் புருஷன் கையெடுத்துக் கும்பிட்டதால் யாரும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அடுத்த மாதம் வீட்டுக்குப் போய் ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று அந்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தாராம். கடைசியில் ஒருநாள், "உனக்கு முன்னாடியே தெரியும்ல?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான். அதற்குப் பிறகு பேசவில்லை.

சிஸ்டர் மாமாவின் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்தார். திரை துணிதானே, காதை மறைக்காது.

"இன்னிக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு தெரியுமாண்ணே?"

"புண்ணக் கழுவுவாங்களாம்."

"உங்க உடம்பப் பத்தின விஷயத்தையெல்லாம் உங்ககிட்டயே சொல்லணுமா, இல்ல மகன்கிட்ட சொன்னா போதுமா? எதுன்னாலும் சரிதான். சில பேர் எனக்குத் தெரியவே வேணாம்பாங்க."

திரைக்குள் மாமாவின் கட்டில் கிறீச்சிட்டது. "இவ்ளோ கேக்கறீங்கன்னா, கழுவறது இல்ல போலிருக்கே" என்றார். பிறகு, "என்கிட்டயே சொல்லச் சொல்லும்மா."

டாக்டர் வந்து சொன்னார். நன்றாகத்தான் சொன்னார், உட்கார்ந்து சொன்னார். மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "வேணாம்." கொஞ்ச நேரம் கழித்து, "பிரேக் புடிச்ச காலுங்க இது" என்றார்.

அன்றைக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. மகன் நடைவழியில் நின்று கத்தினான். "எங்கப்பா போயிட்டா நீங்கதான் காரணம்! ரெண்டு மணி நேரம் வாய மூடிட்டு இருந்திருந்தா அவரு பொழச்சிருப்பாரு!"

சிஸ்டர் அவன் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். பிறகு எனக்குத் தண்ணீர் ஊற்ற வந்தபோது ஜாடியின் மூக்கு டம்ளர் விளிம்பில் கடகடவென்று தட்டியது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் அதற்கும் ஜோக் அடிக்கவில்லை, என்னை நம்பலாம்.

மாமாவுக்குக் காய்ச்சல் ஏறியது. கறுப்பு கணுக்காலைத் தாண்டியது. சிஸ்டர் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. கட்டு மாற்றும்போதெல்லாம் இன்றைக்கு எதுவரை ஏறியிருக்கிறது, விட்டால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்வார்.

"உங்க காலா இருந்தா என்னம்மா பண்ணுவீங்க?" என்று மாமா கேட்டார்.

"அழுவேன். அழுதுட்டு எடுக்கச் சொல்லுவேன்னு நினைக்கறேன். ஆனா இது என் கால் இல்லையேண்ணே. எனக்குச் சொல்றது சுலபம்."

மறுநாள் காலையில் மாமா கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, தானே கையெழுத்துப் போட்டார். தன்னைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். சிஸ்டர் ஒரு தோளையும் கூட்டுகிற அக்கா மறு தோளையும் பிடித்துக்கொள்ள, ஜன்னலருகில் நின்று தெருவில் போகிற பஸ்களைப் பார்த்தார். எத்தனை வண்டி போயிருக்கும், நான் எண்ணவில்லை. வந்து படுத்து, "போடுங்கம்மா" என்றார். சிஸ்டர் இன்னும் கேட்கவே இல்லை.

மயக்கம் தெளிந்ததும் போர்வையைத் தூக்கித் தானே பார்த்தார். மெதுவாக மூடிக்கொண்டார். கத்தவில்லை. ஆனால் மகன் வந்தால் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். அவன் ஃபிளாஸ்க்கோடு நடைவழியிலேயே நிற்பான். உள்ளே வரப் பயம்.

எத்தனை நாள்தான் இதைப் பார்ப்பது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் அவனிடம், "மாமா காலையிலேருந்து உங்களத்தான் கேக்கறாரு" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! உள்ளே ஓடினான். டம்ளரில் ஊற்றி நீட்டினான். மாமா திரும்பவில்லை. ஆனால் கை மட்டும் நீண்டு டம்ளரை வாங்கிக்கொண்டது. கட்டிலில் படுத்து எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

தெர்மாமீட்டரோடு சிஸ்டர் வந்தார்.

"மகனக் கேட்டாராமே? எப்போ?"

"காலையில சிஸ்டர்."

"காலையில அவர் டிரெஸ்ஸிங் ரூம்ல இருந்தாரு. நான்தான் கட்டு மாத்தினேன். வலியில ஒரு வார்த்தை பேசல."

நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் ஃபேன் ஓடியது.

"நல்லதுக்குத்தானே சிஸ்டர் சொன்னேன்?"

"அந்தப் பிள்ளையும் நல்லதுக்குத்தாண்டா பண்ணினான்" என்றார் அடித்தொண்டையில். தெர்மாமீட்டரை உதறினார், என் வாயில் வைக்கவில்லை. மகன் உட்கார்ந்திருந்த பக்கம் கண்ணைக் காட்டினார்.

கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினேன்.