இரண்டு மண்ணிலும் முளைத்தது

ஒன்பதாம் வகுப்பில் நான் எழுதிய ஒரு வரியை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சுனாமி வந்த மறு வருஷம். எங்கள் ஊர் காரைக்கால் பக்கம், கடலோரக் கோட்டுச்சேரிமேட்டுக்கு மேற்கே. வீட்டில் எல்லோரும் பிழைத்தோம். வயலில்தான் கடல் ஏறி நின்று வடிந்தது. வீட்டு ஆட்களைக் கடலுக்குப் பறிகொடுத்த கிளிஞ்சல்மேட்டுப் பிள்ளைகளும் படித்த வகுப்பில் அதைப் போய் ஒரு துக்கம் என்று சொல்ல முடியுமா? ஆனால் அப்பாவுக்கு அந்த வயல்தான் எல்லாம். விதைப்பதா, மண்ணின் உப்பு போக ஒரு மழைக்காலம் பொறுப்பதா என்று ஆடி மாதம் முழுக்கத் தவித்தார். ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அந்தச் சமயம் பள்ளியில் விதை முளைக்கும் சோதனை வந்தது. விதையும் வயல் மண்ணும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார் சார். அப்பாவுக்கு வந்ததே உற்சாகம்! தானே நடு வயலில் வெட்டி மண் எடுத்து, விதைநெல்லோடு கட்டிக் கொடுத்தார்.

"நல்லா கவனிச்சுப் பாரு பாப்பா. சயின்ஸ் சொல்லிட்டா மறுபேச்சே கெடையாது."

"ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஆவுமாங்க?" என்று அம்மா சிரித்தாள்.

"நீ சும்மா இரு. அவளுக்கு இருக்குற அறிவு நமக்கு இருக்கா?" என்றார் அப்பா.

இரண்டு கொட்டாங்கச்சி. ஒன்றில் பள்ளித் தோட்டத்து மண், மற்றதில் எங்கள் மண். தோட்டத்து மண்ணில் நாலைந்து நாளில் பச்சை எட்டிப் பார்த்தது. எங்கள் மண்ணில் ஒன்றுகூட வரவில்லை. கிளறினேன், நெல் அழுகி நாறியது.

ரெக்கார்ட் நோட்டு எழுத எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. மேல் வகுப்பு அக்கா யாரிடமாவது பழைய நோட்டை வாங்கி, நோக்கம் முதல் முடிவு வரை அப்படியே இறக்கிவிட வேண்டும். சோதனை ஒரு பக்கம் நடக்கும், நோட்டு ஒரு பக்கம் நடக்கும். முடிவு மாறி வந்தால், "தப்பாச் செஞ்சிருக்க, திரும்ப எழுது" என்பார் சார். எனக்கு எதற்கு வம்பு? 'இரண்டு மண்ணிலும் விதைகள் நன்கு முளைத்தன' என்று அக்காவின் நோட்டில் இருந்ததை முத்து முத்தாக எழுதினேன். கடல் ஏறுவதற்கு முந்தைய வருஷத்து முடிவு அது. சார் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் நான் பையை இறக்குமுன்னே அப்பா நோட்டை எடுத்துப் பிரித்தார். எழுத்துக்கூட்டி வாசித்தார். "மொளச்சிருக்கே! நம்ம மண்ணுல மொளச்சிருக்கே!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். பல மாதம் கழித்து அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். இல்லப்பா, அது பாத்து எழுதுனது என்று சொல்ல வாயெடுத்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். பாவி, மறுநாளும் சொல்லவில்லை.

ஆவணியில், வீட்டில் இருந்த விதைநெல் அத்தனையும் தெளித்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. நுனி கருகி அதுவும் போயிற்று. நான் சாப்பாடு கொண்டுபோனபோது வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"மண்ணுல ஒரு கோளாறும் இல்ல பாப்பா. அதான் உன் நோட்டுலயே இருக்கே. என் கைதான் வெளங்காத கை. இனிமே நான் வெதக்கக் கூடாது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மண்ணு உப்புப்பா, ஒரு மழை பேஞ்சா சரியாயிடும், உங்க கைக்கு ஒண்ணுமில்லப்பா என்று. "சாப்பிடுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அவ்வளவுதான், மனசு விட்டுப் போயிற்று அவருக்கு. தை பிறக்குமுன் வயலை விற்றுவிட்டு, காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடைக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

அந்த ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணிலிருந்த உப்பையெல்லாம் கழுவிக்கொண்டு போயிருந்தது. மறு வருஷம் வயலை வாங்கியவர் விதைத்தார். வரப்பு தெரியாமல் விளைந்தது. வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்த அப்பா, வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டுத்தான் சொன்னார்:

"நான் சொன்னேன்ல பாப்பா. அவரு கை ராசியான கை."