பள்ளிக்கூடத்தில் கைரேகை எடுத்த நாள்

கடல் வழியாக வந்தவர்கள் பம்பாயில் ஆட்களைச் சுட்டுத் தள்ளிய பிறகு, கரையோரத்தில் இருக்கிற எங்கள்மேல் அரசாங்கத்துக்குத் திடீரென்று அக்கறை வந்தது. குடிதண்ணீர் லாரி வராத நாட்களில் காத்திவாக்கத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு குப்பத்துக்குள் வந்தார்கள். எல்லாருக்கும் அடையாள அட்டையாம். பத்து விரல் ரேகையும் போட்டோவும் எடுப்பார்களாம். ரேஷன் கார்டோடு குடும்பம் குடும்பமாகப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள்.

குப்பமே கிலி பிடித்துக் கிடந்தது. டீக்கடையில் ஒருவர், "பத்து வெரலையும் குட்த்துட்டு வந்தீங்கன்னா அவ்ளோதான். எவன் எங்க பூட்ட ஒடைச்சாலும் போலீஸு நேரா இங்கதான் வரும்" என்றார். ரேகை வைத்தால் கரையை எழுதிக்கொடுத்த மாதிரி, நாளைக்கே கம்பெனிக்காரன் வந்து வீட்டைக் காலி பண்ணச் சொல்வான் என்றார் இன்னொருவர். போட்டோவை யார் யார் பார்ப்பார்களோ என்று வயசுப்பெண்களைப் பெற்றவர்கள் கவலைப்பட்டார்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். பேப்பர் வாசிப்பேன். ஜனங்களுடைய அந்தரங்கத்தை அரசாங்கம் இப்படிச் சேர்த்து வைக்கலாமா என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதியதையும் வாசித்தேன். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் என் பயம் டெல்லியைப் பற்றியது இல்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கப்போகிறவளைப் பற்றியது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலோ ரேஷன் கடையிலோ கேட்டால், பக்கத்தில் நிற்கிறவள் சொல்வாள். அவளைக் கேட்டால் இவள் சொல்வாள். மாமனார் பெயருக்கும் அதே கதைதான். யாருடைய புருஷன் பெயர் என்ன என்பது குப்பத்துக்கே மனப்பாடம். எனக்கும்தான்.

என் புருஷன் என்னை விட்டுப் போயிருந்தான். விசைப்படகில் வேலை என்று காசிமேட்டுக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு குடும்பம் நடத்தினான். குழந்தையும் ஆகிவிட்டது. இது குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் "ஆந்திரா பக்கம் போட்டுக்குப் போய்க்கீறான்" என்று என் மாமியார் ஒருமுறை சொல்லி வைத்ததை ஊர் மறு பேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. என் முகத்துக்கு நேரே அவன் பெயரை யாரும் எடுத்ததில்லை. அந்த மரியாதை ஒன்றை வைத்துக்கொண்டுதான் நான் தெருவில் நடமாடிக்கொண்டிருந்தேன்.

மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கும் தாய் தகப்பன் இல்லை. அவள் மகன் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். காலையில் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போம். எல்லாவற்றையும் பேசுவோம். அவனைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். அவன் திரும்பி வருவான் என்று அவள் காத்திருக்கிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். பெற்றவளாயிற்றே, வேறெப்படி நினைப்பாள்? அதில் எனக்கு உள்ளூரக் கோபமும் உண்டு.

அந்த அட்டையில் என் பெயருக்குக் கீழே அவன் பெயர் வரப்போகிறது என்பதுதான் என் கவலை. கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் சாகிறவரை அழியாது என்றார்கள். அதுவும் சும்மா ஏறாது. வரிசை முழுக்கக் கேட்க, எவளோ ஒருத்தி அதை உரக்கச் சொல்லித்தான் ஏறும்.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு அறையில் மெஷினை வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் மதுரைப் பக்கத்து ஆள், நல்ல பொறுமைசாலி. பாவம், காலையிலிருந்து திண்டாடிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் புருஷன் பெயரைக் கேட்டதற்கு அவள், "மயிலு மேல ஒக்காந்துகினு கீறாரே, அவுரு பேருதான்" என்றாள். அவர் முருகனுக்கு உள்ள பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் இல்லை என்று தலையாட்டினாள். கடைசியில் வரிசையே சிரித்துக்கொண்டு சரியான பெயரைக் கத்தியது.

அடுத்தது அத்தை. எனக்குப் பின்னால் நின்றவள், கரையில் மீன் ஏலம் விடுகிற அக்கா. அவள் சாதாரணமாகப் பேசினாலே கடலுக்குள் இருக்கிற படகுக்குக் கேட்கும். வரிசையில் அவளைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அத்தையின் புருஷன் பெயரைக் கேட்டதும் ஏலக்கார அக்காதான் முழங்கினாள். அத்தை மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு விரலை வைத்தால் மெஷின் ஏற்கவே இல்லை. எத்தனையோ வருஷமாகச் சேறும் இறால் முள்ளும் தேய்த்த விரல்கள். ஈரத்துணியால் துடைத்து, அழுத்தி, திரும்பத் திரும்ப வைத்து ஒருவழியாகப் பதிந்தது.

"நகரு அத்த" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். அவள் நகரவில்லை. நாற்காலிக்குப் பக்கத்திலேயே முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

கம்ப்யூட்டர்காரர் ரேஷன் கார்டைப் பார்த்தார். "மருமகள்னு இருக்கு. வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா."

ஏலக்கார அக்கா மூச்சை இழுப்பது என் பிடரியில் கேட்டது. இதோ சொல்லப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மருமக இல்ல தம்பி" என்றாள் அத்தை. "பொண்ணு. எம் பொண்ணு. ரேசன் கார்டுல தப்பா போட்டுட்டானுங்க."

அவர் கார்டைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரிசையைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்று கேட்டார்.

அந்த வரிசையில் என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினவர்கள் நின்றார்கள். எனக்கு நலங்கு வைத்தவள் நின்றாள். அவன் போன அன்றைக்கு நான் அழுததைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டவர்களும் நின்றார்கள். ஒரு சின்ன விஷயம் கிடைத்தால் எண்ணூர் வரைக்கும் கொண்டு போகிற வாய்கள்தான் அத்தனையும். ஒன்றும் திறக்கவில்லை. ஏலக்கார அக்கா மட்டும், அவளுக்கு அப்படியொரு குரல் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது, அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்:

"ஆமா தம்பி. அந்தம்மா பொண்ணுதான். நாங்க பாத்துகினுதான கீறோம்."

அவர் கார்டை மடித்து வைத்தார். "சரி. அப்போ அப்பா பேர் சொல்லுங்க."

மாமனார் பெயரை நான் எப்படிச் சொல்வேன்? யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். சற்று முன் அதே பெயரை முழங்கியவளும் பேசாமல் நின்றாள். பொண்ணுதான் என்று சொல்லியாயிற்று, அதற்குமேல் அந்தப் பெயரை எனக்கு எடுத்துக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ.

அத்தை என் தோளில் கை வைத்தாள். மாமனாரோடு வாழ்ந்த காலத்திலும், அவரைக் கொண்டுபோய்ப் புதைத்த அன்று மாரில் அடித்துக்கொண்டு அழுதபோதும்கூட வாயில் வராத பெயரை, அவள் முழுசாக, நிதானமாகச் சொன்னாள். கம்ப்யூட்டர்காரர் அதைத் தட்டினார். எழுத்துச் சரியா என்று திரையைத் திருப்பிக் காட்டினார். சரி என்றேன். என் விரல்களை ஒவ்வொன்றாக மெஷினில் வைத்தார்கள். எல்லாம் முதல் தடவையிலேயே பதிந்தன.

வெளியே வந்து பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்தவள்தான், அப்படியே அழுதுவிட்டேன். பெற்ற மகனை ஒரு வார்த்தையில் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறாள், அதுவும் எனக்காக. இத்தனை வருஷம் இவளையா தப்பாக நினைத்தோம் என்று இருந்தது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்த, மாமா பேர சொல்லிட்டியே" என்றேன்.

"சொன்னா இன்னா? அவுரு ஒண்ணியும் நெனைக்க மாட்டாரு" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "பொட்டப்புள்ள ஒண்ணு இல்லியேன்னு அவுருக்கு கடைசி வரிக்கும் கொறதான் கண்ணு."