முட்டையில் ஊற்றிய சூட்டுப் பாகு

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் இப்போது முன்னே பின்னே ஆகிவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

முக்கூடலில் எங்கள் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சிறுவர் மன்றம் வைத்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் அவர்களே சமைத்துச் சாப்பிடுவார்கள். நான் பள்ளிக்கூடச் சத்துணவில் சமைத்து ஓய்வு பெற்றவள் என்பதால் அடுப்புக்குக் காவலாகக் கூப்பிட்டார்கள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே கூச்சப்படுவேன். ஆனாலும் ஒரு சட்டம் மட்டும் போட்டுவிட்டேன்: எந்தப் பண்டமானாலும் ஒரு வாய் தின்ற பிறகுதான் வேண்டாம் என்று சொல்லலாம். அந்தச் சட்டத்தில் பாகற்காய்ச் சட்டியே காலியானது!

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் முறை. அவள் வாப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். கடற்கரை ஊரிலிருந்து உம்மாவோடு இங்கே குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதுவரை யாரும் அவளோடு கூட்டுச் சேரவில்லை. அவள் வீட்டுப் பெருநாள் பண்டமான வட்டலப்பம் செய்யப்போவதாகச் சொன்னாள். முட்டையும் தேங்காய்ப்பாலும் உடன்குடிக் கருப்பட்டியும் கலந்து, ஏலக்காய் தட்டிப் போட்டு அவிக்கிற இனிப்பு.

"முட்டையில இனிப்பா? நாறும்லா!" என்று ஒருவன் மூக்கைப் பிடித்தான்.

அவள் என் காதோடு சொன்னாள்: "ஆச்சி, இவங்க தின்னலைன்னா நான் இனி வரமாட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. கருப்பட்டியைக் காய்ச்சி, மண் போக வடிகட்டியாயிற்று. அவள் தேங்காய்ப்பால் எடுக்கத் திரும்பினாள். நான் எத்தனை வருஷம் பாயசம் காய்ச்சியவள்! அதே பழக்கத்தில், அடித்து வைத்த ஆறு முட்டையில் கொதிக்கிற பாகில் பாதியை ஊற்றிவிட்டேன்.

"ஐயோ ஆச்சி! ஆற வச்சுல்லா ஊத்தணும்!"

முட்டை வெந்து திரிதிரியாக மிதந்தது. அவள் உதடு கோணியது.

"தப்பு என்னுதுதான் தாயி," என்று எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டேன். சட்டம் எனக்கும் உண்டே!

"எப்படி இருக்கு ஆச்சி?" என்றான் மூக்கைப் பிடித்தவன்.

"முட்டைப் பொரியல்ல உப்புக்குப் பதிலா கருப்பட்டிய போட்ட மாதிரி இருக்குலே!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உடைக்காத முட்டை இன்னும் நாலு மீதம் இருந்தது. "இனி நீ சொல்லு, நாங்க செய்யுதோம்," என்று தள்ளி நின்றேன். அவ்வளவுதான், அதட்ட ஆரம்பித்துவிட்டாள்!

"ஏலே, நல்லா விசிறு! ஏட்டி, பைய ஊத்து, பைய!"

மூக்கைப் பிடித்தவன்தான் பாகை விசிறி ஆற்றினான். கிண்ணத்தை இட்லிச் சட்டிக்குள் வைத்து அவித்தோம். மூடியைத் திறந்ததும் ஏலக்காய் மணம்! பன்னிரண்டு தலையும் சட்டி மேல்தான். ஆளுக்கு ஒரு கரண்டிதான் வந்தது. மூக்கைப் பிடித்தவன் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான்.

"அடுத்த வாரம் பெரிய சட்டியா கொண்டாங்கலே," என்றாள் அவள். வரமாட்டேன் என்றவள்!

நாலு முட்டைக்குப் பால் ஒரு தம்ளரா, ஒன்றரையா, எவ்வளவு நேரம் அவித்தோம் என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. வட்டலப்பம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் அவளிடமே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அடுப்படியில்தான் நிற்பாள்.