கொடுமைக்கார மாமி வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை

கல்முனைக்குடியில் தொலைக்காட்சி நாடகம் பார்ப்பவர்கள் யாருமில்லை. கேட்டால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் சந்தையில் மீன் வெட்டித் தருபவர், பாரையின் தலையை ஒதுக்கி வைத்தபடி, அந்தப் பிள்ளையின் நகையை எப்போது திருப்பிக் கொடுக்கப்போகிறீர்கள் என்று என்னிடம் கேட்பார். நாடகத்தில் எனக்கு மருமகளாக நடித்தவளின் நகை அது.

வானொலி நாடகத்தில் தொடங்கி, கொழும்புக்கு பஸ் ஏறிப் போய்த் தொலைக்காட்சிக்குள் நுழைந்தவள் நான். ஒரு திரைப்படத்திலும் இருக்கிறேன், செத்த வீட்டுக் கூட்டத்தில். நீங்கள் இருமி முடிப்பதற்குள் என் காட்சி போய்விடும். அடுத்த வீட்டுக்காரி, ஆஸ்பத்திரித் தாதி என்று பல வருடம் கழிந்த பிறகுதான் அந்தக் கொடுமைக்கார மாமி கிடைத்தாள். மருமகளைப் பட்டினி போட்டேன், அறையில் வைத்துப் பூட்டினேன், கொதிக்கிற தேத்தண்ணியைக் காலில் ஊற்றினேன். உண்மையில் அது பச்சைத் தண்ணீரில் கலந்த சாயம். ஊரெல்லாம் திட்டியது, நாடகம் நன்றாக ஓடியது. அந்த வருமானத்தில்தான் மகளுக்கு வீடு கட்டினேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது வீண் வேலை.

வம்பு அங்கேதான் வந்தது. கதையை எழுதியவர் மருமகள் மாமியார் வீட்டுக்குப் போகிற ஊர்க்காரர். எங்கள் ஊர்ப் பெண்களோ அதைத் தங்கள் வழக்கப்படி திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். இந்த வீட்டில் பட்டினி கிடக்கப்போவது யார்? வருகிற மாப்பிள்ளைதான். சம்பந்தம் பேச வந்தவர்கள் என் முகத்தைக் கண்டதும் அவசர வேலை ஞாபகம் வந்து எழுந்து போனார்கள். ஒரு தரகர் மட்டும் வெளிப்படையாகச் சொன்னார். பையன் மெலிந்த உடம்புக்காரன், தாங்கமாட்டான் என்றார்.

மகள் பள்ளிக்கூட ஆசிரியை. ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நாடகம் தொடங்கும் நேரம் பார்த்து மெதுவாகத் தன் அறைக்குப் போய்விடுவாள். என் தொழில் அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டதோ என்று எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது.

கடைசியில் அவளோடு படிப்பிக்கும், பக்கத்து ஊரான சாய்ந்தமருதுப் பையன் ஒருவர், கட்டினால் இந்தப் பிள்ளையைத்தான் என்று தன் வீட்டில் சொல்லிவிட்டார். அவருடைய உம்மா பார்க்க வந்தார். பெண்ணை அல்ல, என்னை. நாடகம் கட்டித் தந்த தரையின் மாபிள் கல்லைத் தடவிப் பார்த்து, நல்ல வழவழப்பு என்றார். நான் தேத்தண்ணியோடு கிட்டப் போனதும் இரண்டு கால்களையும் தான் உட்கார்ந்திருந்த செற்றிக்கு மேல் தூக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடக்க ஒடுக்கமான ஒரு மாமியாகக் கோப்பையை நீட்டினேன். கல்முனையில் நான் நடித்த முதல் காட்சி அதுதான்.

அவர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “மகள்ள ஒரு குறையும் சொல்ல ஏலா. ஆனா நீங்க இந்த நடிப்ப உட்டுரணும் மதினி. என்ட மகன் வந்து இரிக்கப்போற ஊடு இது.”

கதவுச்சீலைக்குக் கீழே என் மகளின் பாதங்கள் தெரிந்தன. அசையாமல் நின்றன. நான் ஓம் என்றேன்.

நான் விலகியதும், கொழும்பில் நாடகத்துக்காரர்கள் என் மாமியைப் படியால் விழுத்திக் கொன்றார்கள். நகையைக் கொடுக்காமலே மௌத்தாகிவிட்டீர்களே என்று மீன்காரர் கடிந்துகொண்டார். நிக்காஹ் சிறப்பாக நடந்தது. மருமகன் தங்கமான பிள்ளை. முதல் மாதம் மட்டும், மகள் சாப்பிடத் தொடங்கிய பிறகே அவர் தன் சோற்றுக் கோப்பையில் கை வைத்தார். நான் பிறவியிலேயே முன்கோபக்காரி. இப்போது பெரிய மீன் துண்டாகப் பார்த்து அவருக்கு வைத்து, காற்றுப் போனது போன்ற குரலில் கதைக்கிறேன். படப்பிடிப்பில் பொழுதுபட்டால் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பலாம். இந்த மாமிக்கு அந்த வசதி இல்லை.

சம்பந்தி ஒவ்வொரு வாரமும் மகனின் உடம்பைப் பார்க்க வருவார். வருகிற நேரம் அந்த நாடகத்தின் மறுஒளிபரப்பு நேரமாக இருக்கும். அவர் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. நாடகம் பார்ப்பதில்லை என்று எனக்கு ஞாபகப்படுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். திரையில் நான் மருமகளைப் பூட்டும்போது, படுபாவி, இவளுக்கு நல்ல சாவே வராது என்று என் தோளோடு தோள் உரசியபடி திட்டுவார். நான் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைப்பேன்.

போன வாரம் நான் படியால் விழுந்தேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“நீங்க உட்டிருக்கப்படா மதினி,” என்றார். “இப்ப வாறவளுகள் ஒருத்திக்கும் உங்கட அந்தப் பார்வை வராது.”

இத்தனை வருடத்தில் எங்கள் பக்கத்து ஆட்களின் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு. பழைய கோபம் நாக்கு நுனிவரை வந்தது. சமையலறை வாசலில் மகள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம் மதினி,” என்றேன், அந்தக் காற்றுப்போன குரலில். பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. திரையில் என் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.