சிவப்பு விழுந்த இடம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்று இன்றும் தடுமாறுவேன். படிப்பவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாமென்றால் அது இன்னும் கஷ்டம். நாலு பேர் நின்றால் எனக்குப் பேச்சு வராது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். கால் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டை இருக்கும். அதன்மேல் தோலை இழுத்துப் பிடித்து ஒட்டுவது என் வேலை. தோல் எங்களிடம் வருவதற்கு முன்பே சரிபார்க்கிறவர்கள் கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாவற்றையும் தேடி, அந்த இடத்தில் சிவப்பு சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுவார்கள். சிவப்பு விழுந்தால் அந்த இடம் ரிஜக்ட். இத்தனை வருஷத்தில் சிவப்பைப் பார்த்தாலே என் கை தானாகப் பின்னால் போகும்.

என் மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனைக்கு வந்தார்கள். அவளுடைய மேல்தாடை குறுகலாக இருக்கிறது, அதனால்தான் ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள், வாயைத் திறந்துகொண்டே மூச்சு விடுகிறாள் என்று சொல்லி, வேலூர்ப் பக்கம் இருக்கும் பல் கல்லூரிக்கு வரச் சொன்னார்கள். அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வது எனக்குத் தெரியும். வெட்கம் என்று நினைத்திருந்தேன். என்னைப் போல என்று.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. மேல்படிப்புப் படித்துக்கொண்டே வைத்தியமும் பார்க்கிறவர். மேல்தாடையின் நடுவில் தையல் போட்டதுபோல எலும்பில் ஒரு கோடு இருக்கிறது, அண்ணத்தில் ஒரு ஸ்குரூ பொருத்தி தினமும் கொஞ்சம் திருப்பினால் அந்தத் தையல் விலகித் தாடை அகலமாகும் என்றார். இப்போதே செய்தால்தான் உண்டு, தள்ளிப்போட்டால் எலும்பு இறுகி ஆபரேஷன்வரை போய்விடும் என்றார். பிறகு கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

திரையில் ஒரு மண்டையோடு. அதன் அண்ணத்தில் ஸ்குரூ. அவர் ஒரு பொத்தானைத் தட்டியதும் மண்டையோடு முழுக்க நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் பரவியது. அண்ணத்தின் நடுவிலும் மூக்குக்குக் கீழேயும் மட்டும் நல்ல சிவப்பு.

என் கை தானாகப் பின்னால் போனது. ஆகாத இடம் என்று அவர்களே குறி போட்டுவிட்டு, அதைச் சிரித்துக்கொண்டே காட்டுகிறார்களே என்று நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை. உற்றுப் பார்த்தேன். இன்னொன்றும் தெரிந்தது. என் மகளுக்கு ஒரு கோரைப்பல் மேலே ஏறி நிற்கும். திரையில் இருந்த மண்டையோட்டில் பல் எல்லாம் வரிசையாக இருந்தது.

பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். "அது உன் தலையா?"

"தெர்லப்பா. என்னுதா இருந்தா அந்தத் தெத்துப்பல் இருக்கணும்ல?"

அவளும் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் கம்பெனியில் பக்கத்து மிஷினில் நிற்கும் பாய் கேட்டார். "இன்னா தோஸ்த், பொண்ணு வாயில ஜாக்கி வெக்கறாங்களாமே? லாரிக்கு வெக்கற மாதிரியா?"

"ஸ்குரூ பாய்."

"படிக்கிற பசங்க கையில குடுத்திருக்கே. அவுங்க பாஸாவறதுக்கு உம் பொண்ணு வாயி. பாத்துக்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. கம்ப்யூட்டரில் செத்துப்போன யாருடைய தலையையோ வைத்து விளையாடிப் பார்த்துவிட்டு, அடுத்து உயிருள்ள தலை வேண்டும் என்று என் மகளைப் பிடித்திருக்கிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். என் மனைவியிடம் சொன்னேன். அவளும் ஷூ கம்பெனியில்தான் தைக்கிறாள்.

"இன்னாங்க நீங்க, எதுக்கெடுத்தாலும் சந்தேகமா? டாக்டர் கிட்டவே கேட்டா வாய் தேஞ்சா பூடும்?"

"கேட்டா மட்டும் உண்மைய சொல்லிடுவாங்களா?"

"கேக்காதயே சொல்லணுமா அப்ப?"

ஸ்குரூ பொருத்துகிற நாள் வந்தது. மகள் நாற்காலியில் சாய்ந்து படுத்து வாயைத் திறந்திருந்தாள். டாக்டரம்மா பசை குழைத்துக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் நின்றேன். அந்தப் பசையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஒட்டிவிட்டால் முடிந்தது, கம்பெனியிலும் அப்படித்தான்.

"வேணாம் மேடம்" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் எனக்கே யாரோ பேசினதுபோல இருந்தது.

"நீங்க காமிச்ச தலை என் பொண்ணுது இல்ல. அதுலயும் சிவப்பு விழுந்திருக்குது. ரிஜக்ட்னு தெரிஞ்சும் ஏன் போடறீங்க?"

டாக்டரம்மா பசையைக் கீழே வைத்தார். "ரிஜக்டா?"

சாக்பீஸ் விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கம் உட்கார்ந்தார்.

"தலை இவளோடது இல்லதான். அத நான் முதல்லயே சொல்லியிருக்கணும். வேற ஒருத்தர், அவங்க சம்மதிச்சுக் குடுத்த ஸ்கேன். அத வெச்சு கம்ப்யூட்டர்ல ஒரு தலை செஞ்சிருக்கோம். எந்த மாதிரி ஸ்குரூ வெச்சா விசை எங்க போய்ச் சேருதுன்னு அதுல பாக்கறோம். இவளுக்கு அன்னிக்கு அவ்ளோ பெரிய ஸ்கேன் தேவைப்படல. சாதா எக்ஸ்ரேவே போதும்."

"செத்தவங்க தலையா?"

"இல்ல சார், நல்லா இருக்காங்க. சிவப்புன்னா அங்க பழுதுன்னு இல்ல. அங்கதான் விசை ஜாஸ்தி. அந்தத் தையல்ல சிவப்பு வரலன்னாதான் நான் பயப்படணும். வரலன்னா அது திறக்காது."

நான் விடவில்லை. "அந்தத் தலையில சரியா வந்தா இவளுக்கும் சரியா வரும்னு எப்பிடி தெரியும்?"

"முழுசாத் தெரியாது" என்றார். "அதனாலதான் தினம் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பறது. வாரா வாரம் நான் பாக்கறது."

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். தெரியாது என்று சொன்னதால் நின்றேன். நாற்காலியிலிருந்து மகள் வாய்க்குள் இருந்த பஞ்சோடு சொன்னாள்:

"நான் போட்டுக்கறேன்ப்பா. எனக்கு ரெண்டு பக்கமும் மெல்லணும்."

அன்றே பொருத்தி, ஸ்குரூவைத் திருப்ப ஊசிபோல ஒரு சின்னச் சாவியும் கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் நான்தான் திருப்பினேன். அவள் தலையை என் மடியில் வைத்துக்கொள்வாள். நான் செல்போன் வெளிச்சத்தில் துளையைத் தேடிச் சாவியை நுழைத்து, முன்னாலிருந்து பின்னால் தள்ளுவேன். ஒவ்வொரு முறையும் அவள் முகத்தையே பார்ப்பேன். தோல் கிழியப்போகிறது என்றால் இழுக்கிற கைக்கு முன்கூட்டியே தெரியும். எலும்பு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு மூக்கடியில் கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான்.

ஒருநாள் முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து விழுந்தது. வரும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லித்தான் இருந்தார். இருந்தும் என் மனைவி, "ஐயோ, நல்லா இருந்த பல்லும் பூடுச்சே" என்று உட்கார்ந்துவிட்டாள். சாவி என் கையில் இருந்தது. திரையில் பார்த்த அந்தச் சிவப்பு கண்ணுக்குள் வந்தது. அங்கேதான், அதே கோட்டில்தான் இப்போது திறந்திருக்கிறது. யாருடைய தலையோ காட்டிய இடத்தில் என் மகளுடைய தலை திறந்திருக்கிறது.

"இன்னாப்பா, திருப்பு" என்றாள். திருப்பினேன்.

அடுத்த வாரம் எக்ஸ்ரேயில் அந்தத் தையல் விலகியிருந்ததைக் காட்டினார்கள். திருப்புவதை நிறுத்திய பிறகும் ஸ்குரூவை மாதக்கணக்கில் அப்படியே விட்டார்கள். அதற்கு மட்டும் நான் காரணம் கேட்கவில்லை. கட்டையிலிருந்து அவசரமாகக் கழற்றினால் ஷூ மறுபடி சுருங்கி வடிவம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். முன்பல் சந்து தானாக மூடிக்கொண்டது. இப்போது அவள் முறுக்கை எந்தப் பக்கம் கடிக்கிறாள் என்று நான் ஓரக்கண்ணால் பார்ப்பதுண்டு. இரண்டு பக்கமும்தான்.

போன மாதம் அந்தத் தெத்துப்பல்லுக்காகப் பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா தயங்கியபடி கேட்டார். "இத வெச்சு கம்ப்யூட்டர்ல இன்னொரு தலை செய்யலாமா? பேர் எங்கயும் வராது."

பழைய சந்தேகம் சட்டென்று எழுந்தது. எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று. மகள் என்னைப் பார்த்தாள். கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"குடுக்கலாம்ப்பா" என்றாள்.

"ஒண்ணு மட்டும் மேடம்" என்றேன். "காட்டும்போது இது வேற பொண்ணோட தலைன்னு முதல்லயே சொல்லிடுங்க. சிவப்பு இன்னான்னும் சொல்லிடுங்க. என்ன மாதிரி ஆளுங்க கேக்க மாட்டாங்க."

சொல்கிறேன் என்றார். சொல்கிறாரா என்று போய்ப் பார்க்க முடியாது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

தை மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.